பழைய இசைத்தட்டுகளின் சடசடப்பு: அழுக்கு ஈரத்தோடு வெளியே போக வேண்டும்

கேள்வி இது: அப்பா வைத்திருந்த நாற்பது எல்.பி., இருபது ஈ.பி., நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய ‘78’ தட்டுகள் பத்துப் பன்னிரண்டு கைக்கு வந்திருக்கின்றன. புதிதாக டர்ன்டேபிள் வாங்கிப் போட்டுப் பார்த்தால் பாட்டைவிடச் சடசடப்புதான் அதிகம். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். குறையவில்லை, இரண்டு தட்டில் இரைச்சல் கூடிவிட்டது. எந்தத் திரவம் நல்லது? பசை ஊற்றி உரிக்கும் முறை பலிக்குமா? கழுவும் மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேறு எதற்கும் முன்னால் அந்த 78 தட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் அவற்றின் பக்கமே போகக் கூடாது. 78இல் மிகப் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான். அதே வேலை உங்கள் தட்டிலும் நடக்கும். ஒரு துடைப்பில் பாட்டே அழிந்துவிடும். அவற்றைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். இனி வருவதெல்லாம் எல்.பி.க்கும் ஈ.பி.க்கும் மட்டும். இவை வினைல், அதாவது பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்.

துடைத்த பிறகு இரைச்சல் ஏன் கூடியது? எல்.பி.யில் ஊசி ஓடும் பள்ளத்தின் வாய் சுமார் 50 மைக்ரான் அகலம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஆங்கில ‘வி’ எழுத்துப் போலச் சரிந்து இறங்குவதால் ஆழம் அதில் பாதி. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். பஞ்சு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. மேலே இருந்த தூசியை ஸ்பிரிட் குழம்பாக்கியது, பஞ்சு அந்தக் குழம்பைப் பள்ளத்துக்குள் தேய்த்துத் தள்ளியது, அடுத்த அரை நிமிடத்தில் ஸ்பிரிட் ஆவியாகிவிட்டது. அழுக்கு எங்கும் போகவில்லை. மேலே கிடந்தது உள்ளே போய் ஒட்டிக்கொண்டது, பஞ்சு நூலும் கூடச் சேர்ந்துவிட்டது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கலந்திருக்கும் வேறு சேர்மானங்களும் ஒரு படலமாகத் தங்கும்.

ரெக்கார்டு கழுவுவதில் உள்ள சூட்சுமமே இதுதான். எல்லோரும் திரவத்தைப் பற்றியே கேட்கிறார்கள். திரவத்தின் வேலை அழுக்கை இளக்கி மிதக்க விடுவது மட்டுமே. மிதக்கும் அழுக்கு, ஈரம் காய்வதற்குள் அந்த ஈரத்தோடு சேர்ந்து தட்டை விட்டு வெளியேற வேண்டும். தட்டின் மேலேயே காய விட்டால், எவ்வளவு உயர்ந்த திரவமானாலும் கழுவாமல் இருந்திருக்கலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரே அளவுகோலால் பாருங்கள்.

கழுவுவதற்கு முன் என்ன சத்தம் என்று காதால் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் எல்லா இரைச்சலும் அழுக்கு அல்ல. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்.பி. வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும், ஈ.பி.யின் 45இல் 1.33 விநாடி. ‘டிக்’ என்ற சத்தம் சரியாக இந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல், அல்லது ஒரே இடத்தில் ஒட்டிய பிசுக்கு. ஒழுங்கில்லாமல் பொரி பொரிவது போலத் தொடர்ந்து வந்தால் தூசியோ பூஞ்சையோ. கழுவினால் நன்றாகக் குறையும். ஒருமுறை போட்டபோது கேட்ட ‘டப்’ அடுத்த முறை அதே இடத்தில் இல்லாமல் வேறெங்கோ கேட்டால் நிலைமின்சாரம். பாட்டு உரத்து எழும் இடங்களில் மட்டும் குரல் உடைந்து ‘ஸ’வெல்லாம் சீறினால், ஊசி அழுக்கு அல்லது பள்ளம் தேய்ந்துவிட்டது. அடியில் ஓயாமல் ‘ம்ம்’ என்று உறுமினால் அது தட்டின் குற்றமே அல்ல. எர்த் கம்பியையும் மோட்டாரையும் பாருங்கள்.

ஊசியில் இருந்தே தொடங்குங்கள். ஒரு எல்.பி.யின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடுகிறது என்றால் ஊசி ஏறக்குறைய 430 மீட்டர் பள்ளத்தை உழுதுவிட்டு வருகிறது. வழியில் உள்ள தூசியெல்லாம் அதன் முனையில் சேரும். மெல்லிய ஊசித் தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும், அதாவது கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டி) பக்கமிருந்து உங்களை நோக்கி வருடுங்கள். எதிர்த் திசையில் வருடினால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு முறியும். இறுகிய பிசுக்குக்கு, சுவர்க் கறை துடைக்க விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சில் சிறு துண்டு வெட்டி, நின்றிருக்கும் தட்டுமேடையில் வைத்து, நெம்புகோலால் ஊசியை அதன் மேல் செங்குத்தாக இறக்கி ஏற்றுங்கள். மூன்று நான்கு முறை போதும். பக்கவாட்டில் இழுக்கவே கூடாது.

எடையையும் சரிபார்க்க வேண்டும். ஊசி லேசாக அமர்ந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு: போதிய எடை இல்லாத ஊசி பள்ளத்தில் துள்ளும், துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் சுவரைக் கொத்தும், இரைச்சலும் கூடும். தயாரிப்பாளர் சொன்ன எடையை அப்படியே வையுங்கள். கார்ட்ரிட்ஜ் ஆர்ட்டோபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம்; ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். சூட்கேஸ் வடிவில் மலிவாக வரும் பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். உங்களுடையது அந்த வகையாக இருந்தால், கழுவும் சாமான் வாங்குவதற்கு முன் அதை மாற்றுவது நல்லது.

இப்போது தண்ணீர். திரவத்தைவிட இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு ஆவியாகாது. டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்ற அளவு) 500 உள்ள தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் தட்டில் காய்ந்தால் அரை மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஊசிக்கோ அது கல் மேடு. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில்கூடப் பெரும்பாலும் ஐம்பது, நூறு இருக்கும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் போதும், ஆனால் கேனைத் திறந்ததும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். 5க்குக் கீழே காட்டினால் வைத்துக்கொள்ளலாம். 20, 30 என்று காட்டினால் அது பெயரளவுக்கு டிஸ்டில்டு. அதே கடையில் அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. அது தாமரை இலையில் நிற்பது போல வினைல் மேல் முத்து முத்தாக நிற்கும், பள்ளத்துக்குள் இறங்காது. தண்ணீரின் பரப்பு இழுவிசையை உடைத்துப் பரவ வைக்க ஒரு சர்பாக்டன்ட் சிறிதளவு வேண்டும். அயனித் தன்மை இல்லாத, மணமும் நிறமும் சேர்க்காத வகையே ஏற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் இசைத்தட்டுச் சேகரிப்புக்குப் பயன்படுத்துவது டெர்ஜிடால் என்ற வகை. டெர்ஜிடால் 15-எஸ்-9 கிடைத்தால் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு அரை மி.லி., அதாவது சுமார் பத்துச் சொட்டு. பிலிம் கழுவும் போட்டோகிராபர்கள் கடைசியில் ஊற்றும் இல்போர்டு இல்போட்டால், கோடாக் போட்டோஃப்ளோ 200 இரண்டும் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. ஆய்வகக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ட்ரைட்டான் எக்ஸ்-100. அளவு அதே அரை மி.லி. சூழலுக்குக் கேடு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. வேறு கிடைக்கும்போது அதைத் தவிர்க்கலாம்.

அளவைக் கூட்டினால் அழுக்கு வேகமாகப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். போவதற்குப் பதில் சர்பாக்டன்டே பள்ளத்தில் படலமாகத் தங்கி, முதல் இரண்டு முறை போடும்போது ஊசி முனையில் வெள்ளைப் பிசினாகச் சேரும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட்டில் நிறமும் வாசனையும் உப்பும் உண்டு. வேறு வழியே இல்லையென்றால் லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு, அலசல் இருமடங்கு. பூந்திக்கொட்டை, சீயக்காய் வேண்டாம். நுரைக்கும் என்பது உண்மை, கூடவே பொடியும் நாரும் வரும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. சிறிது நேரம் படுவதால் வினைல் கெடாது. கைரேகை எண்ணெய் மிகுந்த தட்டுக்கு, 99 சதவீதச் சரக்கை லிட்டருக்கு 100 மி.லி. வரை சேர்ப்பதில் தவறில்லை. நல்ல சர்பாக்டன்ட் இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது என்பது என் கணிப்பு. 78 உள்ள வீட்டில் ஆல்கஹால் கலந்த புட்டி ஒன்று இருப்பதே ஆபத்து. கலந்தால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் இவை வினைலையே தின்னும்.

தூரிகை விஷயம். பல் துலக்கும் பிரஷின் இழை ஒவ்வொன்றும் 150, 200 மைக்ரான் தடிமன். 50 மைக்ரான் பள்ளத்துக்குள் அது எப்படி இறங்கும்? மேலே மேலே தேய்த்துக் கீறும். ரெக்கார்டுக்கென்றே விற்கும் ஆட்டுமுடித் தூரிகை, நுண் நைலான் தூரிகை, அல்லது வெல்வெட் போன்ற குச்சங்கள் உள்ள பெயின்ட் பேட் நல்லது. மைக்ரோபைபர் துணியின் இழை 10 மைக்ரானுக்கும் கீழே. அதுவும் உள்ளே எட்டும். எதுவானாலும் இரண்டு வாங்குங்கள், ஒன்று சோப்புத் திரவத்துக்கு (மேலே சொன்ன சர்பாக்டன்ட் கலவைதான்), மற்றது அலசலுக்கு. ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால் அலசும்போதும் சோப்பையே பூசுகிறீர்கள். துணிகளை வாங்கியதும் ஒருமுறை துவைத்துவிடுங்கள், ஆனால் துணி மென்மையாக்கும் கம்ஃபர்ட் வகைத் திரவம் போட வேண்டாம். அது இழையில் தங்கித் தட்டுக்குப் போகும்.

லேபிளை நனைய விடக் கூடாது. பழைய தட்டுகளில் லேபிள் மை சாயம் விடுவது உண்டு. எல்.பி. லேபிள் 10 செ.மீ. விட்டம். அதைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பிளாஸ்டிக் மூடி எடுத்து, ஓரத்தில் ரப்பர் வளையம் ஒட்டி, நடுவில் 6 மி.மீ. போல்ட் விட்டு விங் நட்டால் முறுக்கினால் நல்ல காப்பு ஆகிவிடும். தட்டின் துளை 7 மி.மீ.க்குச் சற்று அதிகம், அதனால் போல்ட் தாராளமாக நுழையும். மிகவும் முறுக்க வேண்டாம், தட்டு வளையும். பெரிய துளை உள்ள ஈ.பி.க்கு அகலமான வாஷர் தேவைப்படும்.

இனி கழுவும் முறை. மின்விசிறியை நிறுத்துங்கள், அது தூசியையும் வீசும், திரவத்தையும் சீக்கிரம் காய வைக்கும். உலர்ந்த கார்பன் இழைத் தூரிகையால் மேல்தூசியை முதலில் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் நனைத்தால் அது சேறாகும். தட்டைத் துண்டு விரித்த மேசையிலோ, உபயோகமில்லாத பழைய டர்ன்டேபிளிலோ வைத்து, ஒரு பக்கத்துக்கு 5 மி.லி. சோப்புத் திரவத்தைச் சுற்றி ஊற்றித் தூரிகையால் பரப்புங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடம் ஊறட்டும். எங்காவது காயப் பார்த்தால் இன்னும் சில சொட்டு விடுங்கள். பிறகு பள்ளத்தின் போக்கிலேயே வலஞ்சுழியாகப் பத்துச் சுற்று, இடஞ்சுழியாகப் பத்துச் சுற்று. குறுக்கே ஒருபோதும் தேய்க்காதீர்கள். தூரிகையின் எடையே போதும், அழுத்தினால் இழைகள் மடங்கி வெறும் முதுகால்தான் தேய்க்கும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். ஈரம் நிற்கும்போதே தட்டை வாஷ்பேசினுக்கு மேல் சாய்த்துப் பிடித்து நன்றாக அலசுங்கள். இந்த முதல் அலசல் குழாய்த் தண்ணீரில் இருக்கலாம், அழுக்கையும் சோப்பையும் அடித்துக்கொண்டு போக அளவுதான் வேண்டும். அது காய்வதற்குள் பிழியும் புட்டியில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, அலசல் தூரிகையால் வருடியபடி பக்கத்துக்கு 60 மி.லி. அளவில் இரண்டு முறை ஊற்றுங்கள். இப்படி ஒரு தட்டுக்குக் கால் லிட்டர் போகும்; 5 லிட்டர் கேன் இருபது எல்.பி.க்கு வரும். உங்கள் சேகரிப்பு முழுவதற்கும் மூன்று கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்பு மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில் பள்ளத்தின் போக்கில் ஒரு சுற்றுத் துடைப்பு. தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் விளிம்பில் நிற்க வைத்துக் காயட்டும். மழைக்காலச் சென்னையில் ஒரு மணி நேரமாவது ஆகும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், வினைல் அறுபது டிகிரியை நெருங்கினாலே தளர்ந்து வளையும். வெயிலில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கையால் செய்வதில் ஒரு குறை உண்டு. ஒற்றி எடுத்த பிறகும் பள்ளத்தின் அடியில் சிறிது ஈரம் எஞ்சும், அதில் மிதக்கும் நுண் அழுக்கு அங்கேயே படியும். இதைத் தீர்க்கத்தான் வாக்யூம் மிஷின். கீத் மங்க்ஸ், விபிஐ, ஓக்கி நோக்கி போன்ற மிஷின்கள் எல்லாம் செய்வது ஒன்றே: தட்டைச் சுழல விட்டு ஈரத்தை உறிஞ்சி எடுப்பது. தேய்ப்பதும் அலசுவதும் அங்கேயும் நாம்தான். ஆகவே மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: அறுபது தட்டுக்கு வேண்டாம், முந்நூறு தட்டுக்கு வேண்டும். வாங்கினால், உறிஞ்சும்போது இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். நான்கு ஐந்து சுற்று ஓட விட்டால் காய்ந்த வெல்வெட் வினைலில் உரசி நிலைமின்சாரம் ஏறி, அறைத் தூசி முழுவதையும் தட்டு தன்னிடம் இழுத்துக்கொள்ளும். சோப்புக்கு ஒரு உறிஞ்சு குழாய், அலசலுக்கு வேறொன்று.

ஈரமும் உறிஞ்சக்கூடிய வெட்-டிரை வாக்யூம் கிளீனர் வீட்டில் இருந்தால், ஒரு முனை அடைத்த பி.வி.சி. குழாயில் 9 செ.மீ. நீளம், 2 முதல் 3 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று வெட்டி, இருபுறமும் ஒட்டும் வெல்வெட் பட்டை ஒட்டிக்கொண்டால் அதே பலன் பெருமளவு கிடைக்கும். எல்.பி.யில் பாட்டு பதிந்த வளையத்தின் அகலம் அந்த 9 செ.மீ.க்குள் அடங்கும். வெறும் தூசி உறிஞ்சும் சாதாரணக் கிளீனரில் இதைச் செய்யக் கூடாது. தண்ணீர் மோட்டாருக்குள் போகும், உயிருக்கே ஆபத்து.

அல்ட்ராசானிக் தொட்டி பற்றியும் கேட்பார்கள். தண்ணீரில் நுண்குமிழிகள் உருவாகி உடையும்போது எழும் அதிர்வு, தூரிகை எட்டாத இடத்திலும் அழுக்கைப் பெயர்க்கும். நல்ல முறைதான். சாதாரணத் தொட்டிகள் 40 கிலோஹெர்ட்ஸில் ஓடும். எஸ்தோனியாவில் செய்யும் டிகிரிட்டர் 120இல் ஓடும், குமிழி சிறிதாக இருப்பதால் மென்மையாக வேலை செய்யும். 40இல் செய்தால் தட்டுகளுக்கு இடையே இரண்டரை செ.மீ. இடைவெளி, மெதுவான சுழற்சி, 10 முதல் 15 நிமிடம், சூடு 35 டிகிரிக்கு மேல் போகாமல். தொட்டியே தன் அதிர்வால் தண்ணீரைச் சூடாக்கும், தெர்மாமீட்டரை உள்ளேயே வையுங்கள். ஆல்கஹாலைத் தொட்டியில் ஊற்றுவது தீ விபத்துக்கு வழி. பலர் மறப்பது ஒன்று உண்டு: பத்துத் தட்டின் அழுக்கு அதே தண்ணீரில் மிதக்கும்போது பதினோராவது தட்டு அதிலேயே குளித்துக் காய்கிறது. வடிகட்டி வேண்டும், கடைசியில் தனி அலசல் வேண்டும். இல்லையென்றால் பத்துப் பேர் குளித்த குட்டைதான்.

பசை முறைக்கு வருவோம். தச்சர்கள் பயன்படுத்தும் பெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தட்டில் பரப்பி, காய்ந்ததும் தோலாக உரித்தால் அழுக்கும் கூட வரும் என்பது கருத்து. அழுக்கு உண்மையிலேயே ஈரத்தோடு அல்லாமல் தோலோடு வெளியேறுகிறது, அந்த அளவில் தத்துவம் சரி. நடைமுறையில்தான் சிக்கல். ஈரக்காற்று ஊரில் ஒரு நாள் முழுக்கக் காய்ந்தாலும் நடுவில் வெள்ளையாக ஈரம் இருக்கும். அந்த இடத்தில் தோல் கிழிந்து, பள்ளத்தில் பசை மிஞ்சிவிடும். உரிக்கும்போது நிலைமின்சாரம் பயங்கரமாக ஏறும். லேபிளில் பட்டால் லேபிளே கையோடு வரும். 78இல் போட்டால் அரக்கோடு பசை ஒட்டிப் போய்விடும், மீட்க முடியாது. குப்பைக்குப் போக வேண்டிய எல்.பி. ஒன்றில் பரிசோதிக்கலாம், அப்பாவின் தட்டில் வேண்டாம்.

தட்டை ஈரமாகவே வைத்துப் போட்டால் இரைச்சல் அடங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மையிலேயே அடங்கும். லெங்கோ நிறுவனம் அதற்கென்றே லெங்கோக்ளீன் என்ற ஈரக் கை ஒன்றை விற்றது. ஆனால் அந்த ஈரம் காயும்போது தூசி பள்ளத்தின் அடியில் கெட்டியாகப் படிகிறது. அதன்பின் உலர்வாகப் போட்டால் முன்பைவிடச் சத்தம் கேட்கும். வாங்கிய பழைய தட்டு பார்க்கப் பளிச்சென்று இருந்தும் ஓயாமல் பொரிந்தால் இப்படி ஈரத்தில் ஓடிய தட்டோ என்று சந்தேகிக்கலாம். அதற்கு ஒரே மருந்து, மேலே சொன்ன கழுவலை ஊறும் நேரம் கூட்டி இரண்டு மூன்று முறை செய்வது.

பெட்டிக்குள் கிடந்த தட்டுகளில் சாம்பல் புள்ளிகளாகப் பூஞ்சை இருக்கும். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே முதல் துடைப்பைச் செய்யுங்கள். அந்தத் தூரிகையை மற்றத் தட்டுகளுக்குக் கொண்டுவராதீர்கள். சோப்புத் திரவத்தில் ஐந்து நிமிடம் ஊறட்டும். பூஞ்சை போய்விடும், ஆனால் நெடுநாள் இருந்த இடத்தில் வினைல் அரிக்கப்பட்டிருந்தால் அந்தச் சத்தம் போகாது. பளபளப்புக்காக எண்ணெய் தடவிய தட்டும் கிடைக்கும். அதற்குத்தான் முன்பு சொன்ன 10 சதவீத ஆல்கஹால் கலவை. பால் போன்ற வெண்படலம் உறையின் மடிப்புகளைப் போலவே கோடுகளோடு படிந்திருந்தால், மென்மையான பி.வி.சி. உள்ளுறையிலிருந்து கசிந்த ரசாயனம் வினைலோடு வினை புரிந்திருக்கிறது. அது அழுக்கல்ல, கழுவிப் பயனில்லை.

இப்போது 78. கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் 1908இல் சியால்டாவிலும், பிறகு 1928இல் டம்டமிலும் ஆலை வைத்ததற்கு, அரக்கு விளையும் நாடு இது என்பதும் ஒரு வசதி. மேலை நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் இங்கே 1960களில் அவை வந்துகொண்டிருந்தன. அரக்கோடு கல்மாவு கலந்துதான் தட்டு செய்தார்கள். இரும்பு ஊசி அந்த மாவில் உரசித் தன்னைப் பள்ளத்துக்கேற்பத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஆகவே அந்த ‘உஸ்’ சத்தத்தில் ஒரு பங்கு தட்டின் உடம்பிலேயே இருக்கிறது, முழுக்கப் போகாது. போகக்கூடிய பங்குக்கு, ஆல்கஹால் இல்லாத அதே சோப்புத் திரவம், பக்கத்துக்கு ஒரு நிமிடம், உடனே டிஸ்டில்டு அலசல், உடனே துணியால் ஒற்றல். ஊற வைக்கக் கூடாது. மயிர்க்கோடு போன்ற விரிசலில் தண்ணீர் இறங்கினால் உள்ளே ஊறிப் புடைக்கும். நடுத்துளையின் ஓரத்தில் அலுமினியம் தெரிந்தால் அது ஆலையில் அச்சிட்ட தட்டு அல்ல, நேரடியாக வெட்டிய லாக்கர் தட்டு. அதில் தண்ணீரே வேண்டாம். அதே பதிவு வேறெங்கும் இல்லாமல் இருக்கக்கூடும், ஆவணக் காப்பகம் எதையாவது அணுகுங்கள்.

அதைவிட முக்கியம் ஊசி. 78இன் பள்ளம் எல்.பி.யுடையதைப் போல மூன்று மடங்கு அகலம். அதற்கு 65 முதல் 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசி வேண்டும். 18 மைக்ரான் எல்.பி. ஊசியை வைத்தால் அது சுவர்களைத் தொடாமல், எல்லா அழுக்கும் கிடக்கும் அடிப்பகுதியில் உருண்டுகொண்டு போகும். சரியான ஊசியும் ஒரு மோனோ சுவிட்சும் தருகிற அமைதியை எந்தக் கழுவலும் தராது. மோனோ சுவிட்ச் உங்கள் பழைய மோனோ எல்.பி., ஈ.பி.க்கும் பயன்படும். மோனோவில் பாட்டு பக்கவாட்டில் மட்டுமே பதிந்திருக்கிறது. மேல்கீழ் அசைவில் வருவதெல்லாம் இரைச்சல்; இரண்டு சேனலையும் கூட்டும்போது அது ஒன்றையொன்று தின்று மறையும்.

கழுவிய தட்டைப் பழைய காகித உள்ளுறையில் திரும்ப வைக்காதீர்கள், அந்தத் தூசிதான் முதல் எதிரி. ரைஸ் பேப்பர் என்ற பெயரில் விற்கும் ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் உள்ளுறை வாங்குங்கள். அலமாரியில் நெருக்கி அடைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி தட்டிலும் உறையிலும் படியும். ஏ.சி. அறையில் காற்று உலர்வதால் நிலைமின்சாரம் தலைகாட்டும். டர்ன்டேபிளின் கம்பளி விரிப்பை மாற்றி ரப்பரோ கார்க்கோ வைத்தாலே பாதி குறையும். இனி ஒவ்வொரு முறை போடும் முன்னும் கார்பன் தூரிகையால் இரண்டு சுற்று போதும். ஈரக் கழுவல் தட்டுக்கு ஒருமுறை செய்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

கழுவியதும் முதல்முறை போடும்போது ஏமாற்றம் வரலாம். தளர்ந்த அழுக்கின் கடைசி மிச்சத்தை ஊசி உழுது எடுக்கும். அந்தப் பக்கம் முடிந்ததும் ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள், இரண்டாம் முறைதான் உண்மையான பலன் தெரியும். வரிசையாகச் செய்யும்போது மிகக் குறைவாகப் பிடித்த தட்டில் தொடங்கிக் கை பழகிக்கொள்ளுங்கள், ஸ்பிரிட் பட்ட அந்த இரண்டும் கடைசியில். இரண்டு கழுவலுக்குப் பிறகும் ‘டிக்’ அதே 1.8 விநாடியில் வந்தால் அது கீறல், விட்டுவிடுங்கள். உரத்த இடங்களில் மட்டும் குரல் உடைந்தால் பழைய கனமான ஊசிகள் பள்ளத்தின் சுவரைத் தேய்த்துவிட்டன. அப்போது வேறு வடிவ முனையுள்ள ஊசி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உருண்டை முனை தேய்த்த உயரத்துக்குக் கீழே, இதுவரை எந்த ஊசியும் தொடாத சுவரில் மெல்லிய நீள்வட்ட முனை அமரக்கூடும். அங்கே பாட்டு இன்னும் பழுதில்லாமல் இருக்கும்.